ஆற்றில் போட்ட ஓட்டு

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையின் பக்கத்திலே ஒரு டீக்கடை. 2024-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் ஒரு நாள் காலை அங்கே அமெரிக்க எலெக்ஷனைப் பற்றிப் பெரிய தர்க்கம் நடந்துகொண்டிருந்தது. நம் தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டு மூன்று மாதமாகிறது. அதைப் பற்றிப் பேச ஒரு ஆளில்லை. ஆனால் வாஷிங்டனில் எவர் ஜெயித்தார் என்பதைப் பற்றிப் பேச எட்டுப் பேர் இருந்தார்கள். அவர்களிலே பொம்மை வார்க்கிற பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்து, "ஏந்தம்பி, நீதான் மேடையெல்லாம் ஏறிப் பேசுறவனாச்சே, ஒண்ணு கேக்குறேன் சொல்லு. அந்த ஊர்ல அதிக ஓட்டு வாங்குனவன் தோத்துப் போறதும் உண்டாமே, மெய்யா?" என்று கேட்டார்.

"மெய்தான் அண்ணே. ஒரு தடவை அல்ல, அய்ந்து தடவை நடந்திருக்கு" என்றேன்.

"அப்ப அவனுங்க படிச்சவனுங்கதானா?" என்றார். கடையிலிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தபோது, இப்படிச் சிரிக்கிற யோக்கியதை நமக்கு உண்டா என்கிற சந்தேகம் வந்துவிட்டது. அதைப் பற்றித்தான் இங்கே எழுதப்போகிறேன். இது என் சொந்த அபிப்பிராயமேயொழிய எந்தக் கட்சியின் அபிப்பிராயமும் அல்ல. நான் எட்டாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் போனவனல்ல. தெரிந்துகொண்டதெல்லாம் படிப்பகத்து மேசையிலே தெரிந்துகொண்டதுதான். தப்பிருந்தால் அறிவுள்ள தோழர்கள் திருத்தட்டும்.

முதலில் அமெரிக்காவின் கதையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நாட்டு ஜனங்கள் ஜனாதிபதியை நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை தேர்வாளர்கள் என்று ஒரு கணக்கு. மொத்தம் 538 பேர். அதில் 270 பேரைப் பிடித்தவர் ஜனாதிபதி. இரண்டு மாநிலங்கள் தவிர மற்ற எங்கும், ஒரு ஓட்டு அதிகம் வாங்கினாலும் அந்த மாநிலத்துத் தேர்வாளர் அத்தனை பேரும் அவருக்கே சொந்தம். இந்தக் கணக்கினாலேதான் 2000-ல் அல் கோர் நாடு முழுவதும் 5 லட்சத்துக்கு மேல் அதிக ஓட்டு வாங்கியும் தோற்றார். 2016-ல் ஹில்லாரி கிளிண்டன் 28 லட்சத்துக்கு மேல் அதிக ஓட்டு வாங்கியும் தோற்றார். இது போதாதென்று, மாநிலத்துக்கு மாநிலம் ஓட்டின் எடையும் வேறு. வயோமிங் என்கிற மாநிலத்திலே ஆறு லட்சம் ஜனங்கள்கூட இல்லை. அதற்கு 3 தேர்வாளர். கலிபோர்னியாவிலே நாலு கோடியை ஒட்டிய ஜனங்கள். அதற்கு 54 தேர்வாளர். வகுத்துப் பார்த்தால் வயோமிங்கில் உள்ள ஒருவனுடைய ஓட்டு கலிபோர்னியாக்காரன் ஓட்டைப்போல் ஏறக்குறைய நாலு மடங்கு கனம்!

இந்த விநோதத்தை ஏற்பாடு செய்தவர்கள் யார்? 1787-ல் பிலடெல்பியா நகரத்திலே கூடிய 55 கனவான்கள். அவர்களிலே பலர் அடிமைகளை வைத்து வேலை வாங்கிய மிராசுதாரர்கள். அடிமைக்கு ஓட்டுக் கிடையாது. ஆனால் மாநிலத்துக்கு எத்தனை பிரதிநிதி என்று கணக்குப் பண்ணும்போது மட்டும் அய்ந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணிக்கொள்ளலாம் என்று எழுதிவைத்தார்கள். தேர்வாளர் எண்ணிக்கையும் அந்தக் கணக்கின்மேல் ஏறி உட்கார்ந்தது. அதாவது, அடிமையின் முதுகிலே சாட்டையடி, அடிமையின் தலையை எண்ணி எஜமானனுக்கு அதிகாரம்! அடிமைகள் மிகுந்திருந்த விர்ஜீனியா மாநிலத்திலிருந்தே முதல் அய்ந்து ஜனாதிபதிகளில் நாலு பேர் வந்தார்கள் என்பதும் இங்கே கவனிக்கத்தக்கது. 1865-ல் அடிமைமுறை ஒழிந்தது. மூன்று-அய்ந்து கணக்கும் ஒழிந்தது. தேர்வாளர் ஏற்பாடு மட்டும் ஒழியவில்லை. 1969-ல் அதை ஒழித்துவிட வேண்டுமென்று கீழ்ச்சபையிலே 338 பேர் ஆதரவாகவும் 70 பேர் மட்டும் எதிராகவும் ஓட்டளித்தார்கள். மறு வருஷம் மேல்சபையிலே, தென் மாநில மெம்பர்கள் முன்னின்று, பேசிப் பேசியே அதைக் கொன்றுவிட்டார்கள். சந்திரனுக்கு மனிதனை அனுப்பிய அதே 1969-ல், நூற்றெண்பது வருஷத்து ஏட்டிலே ஒரு வரியை மாற்ற அந்த நாட்டாரால் முடியவில்லை. முன்னோர் எழுதியது, தொட்டால் தோஷம் என்கிற புத்தி புரோகிதனுக்கு மட்டும் சொந்தமல்ல, கோட்டும் சூட்டும் போட்டவனுக்கும் உண்டு என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

நிற்க, நம் ஊருக்கு வருவோம்.

2006-ம் வருஷத்துச் சட்டசபைத் தேர்தல் நம் விருத்தாசலத்தாருக்கு மறந்திருக்காது. விஜயகாந்த் அவர்கள் புதிதாக ஆரம்பித்த தே.மு.தி.க. தமிழ்நாடு முழுவதும் தனியாக நின்றது. மொத்தம் 27 லட்சத்துக்கு மேல் ஓட்டு வாங்கிற்று. நூற்றுக்கு எட்டுக்குச் சற்று மேல். கிடைத்த ஸ்தானம் எத்தனை? 234-ல் ஒன்று. அந்த ஒன்று எது? நம் விருத்தாசலம்! அதே தேர்தலிலே காங்கிரஸ் கட்சி வாங்கிய ஓட்டும் 27 லட்சத்துக்கு மேல்தான். அதுவும் நூற்றுக்கு எட்டுக்குச் சற்று மேல்தான். அதற்குக் கிடைத்ததோ 34 ஸ்தானம். இரண்டு பேர் ஒரே கடையிலே ஒரே விலை கொடுத்தார்கள். ஒருவருக்கு 34 மூட்டை, மற்றவருக்கு ஒரு மூட்டை. கேட்டால், "அவர் கூட்டணியிலே வந்தார், நீர் தனியாக வந்தீர்" என்கிறார்கள். இதுவா நியாயம்? நான் அந்தக் கட்சிக்காரனுமல்ல, இந்தக் கட்சிக்காரனுமல்ல. அந்த 27 லட்சம் பேரும் கைவிரலிலே மை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்களே, அவர்களுடைய அபிப்பிராயம் எங்கே போயிற்று என்றுதான் கேட்கிறேன்.

நம் ஊருக்கென்றே இதற்குப் பொருத்தமான ஒரு புராணம் இருக்கிறது. சுந்தரர் என்பவர் நம் முதுகுன்றத்துக் கோயிலிலே பன்னிரண்டாயிரம் பொன் வாங்கி, அதை இங்கே மணிமுத்தாற்றிலே போட்டுவிட்டு, திருவாரூர்க் குளத்திலே இறங்கி எடுத்துக்கொண்டாராம். ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடினால் அகப்படும் என்று நம்புகிறவர்கள் நம்பட்டும். அதைப் பற்றி இப்போது வழக்கில்லை. ஆனால் புராணத்திலாவது போட்ட பொன் முழுவதும் கிடைத்தது. நம் தேர்தலிலே 27 லட்சத்தை ஆற்றிலே போட்டவர்களுக்குக் குளத்திலே அகப்பட்டது ஒரே ஒரு பொன். மற்றதை எந்தச் சாமியும் கொண்டுவந்து கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்த கூத்தையும் பாருங்கள். 2011-ல் அதே கட்சி ஒரு பெரிய கூட்டணியிலே சேர்ந்தது. ஓட்டு விகிதம் எட்டுக்கும் கீழே சற்றுக் குறைந்தது. ஸ்தானமோ ஒன்றிலிருந்து 29-ஆக ஏறிற்று! அதே தேர்தலிலே நூற்றுக்கு 22 ஓட்டு வாங்கிய தி.மு.க.வுக்கு 23 ஸ்தானம். ஆகவே நூற்றுக்கு எட்டு வாங்கினவர் எதிர்க்கட்சித் தலைவர்; 22 வாங்கினவர் அவருக்குப் பின்னால். 2014 பார்லிமெண்டுத் தேர்தலிலே அ.தி.மு.க. நூற்றுக்கு 44 வாங்கி 39 ஸ்தானங்களில் 37-ஐ எடுத்துக்கொண்டது. தி.மு.க. 23-க்கு மேல் வாங்கியும் பூஜ்யம். பத்து வருஷம் கழித்து 2024-ல் சக்கரம் திரும்பிற்று. தி.மு.க. கூட்டணி பாதிக்கும் குறைவான ஓட்டிலே 39-க்கு 39. அ.தி.மு.க. நூற்றுக்கு 20 வாங்கியும் பூஜ்யம். இன்றைக்கு இதில் லாபம் அடைகிறவன் இது மகா நல்ல முறை என்கிறான். நாளைக்கு நஷ்டப்படும்போது "ஜனநாயகம் செத்தது" என்கிறான். மறுபடி லாபம் வந்ததும் வாயை மூடிக்கொள்கிறான். ஆகையினாலேதான் இதை மாற்ற வேண்டுமென்று பெரிய கட்சிக்காரர் ஒருவரும் மனப்பூர்வமாகக் கேட்பதில்லை.

இன்னொரு சங்கதி. 2000-ல் அமெரிக்காவின் தலையெழுத்து புளோரிடா என்கிற ஒரு மாநிலத்திலே 537 ஓட்டு வித்தியாசத்திலே தீர்ந்தது. அதே புளோரிடாவிலே மூன்றாவதாக நின்ற ரால்ஃப் நாடருக்கு 97 ஆயிரம் ஓட்டு. அந்த 97 ஆயிரம் பேரைக் கூப்பிட்டு, "உங்கள் ஆள் வரப்போவதில்லை, மற்ற இருவரில் உங்களுக்கு யார் பரவாயில்லை?" என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உலகத்தின் போக்கே வேறாயிருக்குமோ என்னவோ. 2021-ல் நம் விருத்தாசலத்திலே நடந்ததும் அச்சாக அதுதான். ஜெயித்தவருக்கும் அடுத்தவருக்கும் வித்தியாசம் ஆயிரம் ஓட்டுக்கூட இல்லை. மூன்றாவதாக வந்தவர் வாங்கிய ஓட்டு 25 ஆயிரத்துக்கு மேல். ஜெயித்தவரும் பாதி ஓட்டு வாங்கவில்லை. 2006-ல் இங்கே ஜெயித்த விஜயகாந்த் அவர்கள் வாங்கியதும் நூற்றுக்கு 40-தான்; அறுபது பேர் வேறு ஆளைக் கேட்டார்கள். அந்த 25 ஆயிரம் பேருடைய இரண்டாவது விருப்பத்தை எவன் கேட்டான்? டீக்கடையிலே நாம் எந்த வாயால் சிரித்தோம்?

வயோமிங் கதைக்கும் நம்மிடத்திலே ஜோடி உண்டு. 2021-ல் சோழிங்கநல்லூர்த் தொகுதியிலே ஓட்டர்கள் ஆறரை லட்சத்துக்கு மேல். அதே பட்டணத்திலே துறைமுகம் தொகுதியிலே இரண்டு லட்சத்துக்கும் குறைவு. இதற்கும் ஒரு மெம்பர், அதற்கும் ஒரு மெம்பர்.

இதையெல்லாம் ஏதோ கணக்குப் பிள்ளையின் கவலை என்று தோழர்கள் நினைத்துவிடக் கூடாது. ஒருவனுக்கு ஒரு ஓட்டு என்பது நமக்குச் சும்மா வந்ததல்ல. 1920-ல் சென்னை மாகாணத்திலே சட்டசபைக்கு முதல் தேர்தல் நடந்தபோது நாலு கோடி ஜனங்களிலே ஓட்டுரிமை பெற்றிருந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர். நிலவரி கட்டினவன், வீட்டு வரி கட்டினவன், பணக்காரன், பட்டம் பெற்றவன். கூலிக்காரனுக்கு ஓட்டில்லை, மண் மிதித்துப் பானை வனைந்தவனுக்கு ஓட்டில்லை. பெண்களுக்கோ அந்தத் தேர்தலில் ஓட்டே இல்லை. 1921-ல்தான், பிரிட்டிஷ் ஆட்சி மாகாணங்களிலே முதலாவதாக, சென்னைச் சட்டசபை அந்தத் தடையை நீக்கத் தீர்மானித்தது. அமெரிக்காவிலே கறுப்பு மக்களுக்குச் சட்டத்திலே ஓட்டு இருந்தும், தென் மாநிலங்களிலே படிப்புப் பரீட்சை வைத்தும், தலைவரி கேட்டும் அவர்களைச் சாவடிக்கு வெளியே நிறுத்தினார்கள். 1965-ல் சட்டம் வந்த பிறகுதான் அந்த வாசல் திறந்தது. இந்தப்படி உலகம் முழுவதும் ஓட்டுப் போடும் உரிமைக்காகச் சண்டை நடந்தது. ஆனால் போட்ட ஓட்டை எப்படி எண்ணுவது என்பதிலேதான் பாதி உரிமை இருக்கிறது. முன்வாசலால் கொடுத்ததைப் பின்வாசலால் எடுத்துக்கொள்ளும் வித்தை அங்கேதான் நடக்கிறது.

இது நம் முன்னோர்களுக்குத் தெரியாமலில்லை. 1920 தேர்தலிலேயே சென்னை மாகாணத்திலே தேர்ந்தெடுக்கும் 98 ஸ்தானங்களில் 28 ஸ்தானங்களைப் பார்ப்பனரல்லாதாருக்கென்று ஒதுக்கும்படி வாதாடி வாங்கினார்கள். 1932-ல் அம்பேத்கர் அவர்களுக்கும் காந்தியாருக்கும் எரவாடாவிலே நடந்த போராட்டம் என்ன? தாழ்த்தப்பட்டவருக்கு ஓட்டு உண்டா இல்லையா என்பதல்ல. அவருடைய பிரதிநிதியை யாருடைய ஓட்டு தீர்மானிப்பது என்பதே. அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. இன்று 234-ல் 44 தனித் தொகுதிகள் இருக்கின்றன. அங்கே நிற்கிறவர் தாழ்த்தப்பட்டவர். நிறுத்துகிறவரும் ஜெயிக்க வைக்கிறவரும் பெரும்பாலும் வேறு பேர்.

மற்றத் தொகுதிகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அபேட்சகரைத் தேடும்போது எந்தக் கட்சியானாலும் முதலில் கேட்கிற கேள்வி, "அந்தத் தொகுதியிலே எந்தச் சாதி ஜாஸ்தி?" என்பதே. சாதி ஒழிப்பை மேடையிலே பேசிவிட்டு இறங்கி வந்து சாதிக் கணக்குப் போடுகிறவர்களை நான் நேரிலே பார்த்திருக்கிறேன். அவர்களைக் குற்றம் சொல்வதிலே பாதி நியாயந்தான் உண்டு. நூற்றுக்கு முப்பது பேர் ஒரே பக்கம் சாய்ந்தால் ஸ்தானம் முழுவதும் கிடைக்கும் என்று விதி செய்துவைத்தால், முப்பது பேராக இருக்கிற சாதியைத்தான் எவனும் தேடுவான். மண்பாண்டம் செய்கிறவர், துணி வெளுக்கிறவர், முடி திருத்துகிறவர் எல்லாரும் ஊருக்கு நாலு வீடு, பத்து வீடு என்று சிதறிக் கிடக்கிறவர்கள். மாநிலம் முழுவதும் கூட்டினால் லட்சக்கணக்கு. எந்தத் தொகுதியிலும் மெஜாரிட்டி இல்லை. பீங்கான் ஊர் என்று பெயர் வாங்கின இந்த ஊரிலே, மண்ணைப் பிசைந்து பிழைக்கிறவன் சட்டசபைக்குப் போக வழி எங்கே? ஜனத்தொகையிலே பாதியாக இருக்கும் பெண்களும் அப்படியே. 2021 தேர்தலிலே ஜெயித்து வந்த 234 பேரில் பெண்கள் 12 பேர்!

இதற்கு மாற்று என்ன? நூற்றுக்கு எத்தனை ஓட்டோ அத்தனை ஸ்தானம் என்கிற விகிதாசார முறை ஒன்று. ஒருவனைப் பிடிக்கும், அவன் இல்லாவிட்டால் இன்னொருவன் என்று ஒன்று, இரண்டு, மூன்று வரிசை போடுகிற முறை ஒன்று. இரண்டும் வானத்திலிருந்து வந்தவையல்ல, பல தேசத்திலே நடக்கிறவை. ஜெர்மனியிலே 1949 முதற்கொண்டு தொகுதியும் விகிதாசாரமும் கலந்த முறை. நியூசிலாந்து நம்மைப்போலவே வெள்ளைக்காரனுடைய பழைய முறையை வைத்திருந்து, ஜனங்களைக் கேட்டு, 1996 முதல் மாற்றிக்கொண்டது. வெகு தூரம் போவானேன்? கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையிலே 1931-லேயே வயது வந்தவர் எல்லாருக்கும் ஓட்டு வந்துவிட்டது. பின்னால் மலையகத் தோட்டத் தொழிலாளத் தமிழரிடமிருந்து 1948, 1949 சட்டங்களால் அந்த உரிமையைப் பறித்த பாவமும் அங்கேதான் நடந்தது, அதை மறக்கவில்லை. ஆனால் இன்று அங்கே பார்லிமெண்டுக்கு விகிதாசார முறை. கட்சிக்கு ஒரு ஓட்டு, அதன்மேல் மூன்று பேருக்கு விருப்பு வாக்கு. ஜனாதிபதித் தேர்தலிலே ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை போடலாம். 2024 செப்டம்பரில் ஒருவருக்கும் பாதி ஓட்டுக் கிடைக்காமல், முதல் தடவையாக இரண்டாம் விருப்பங்களையும் எண்ணி முடிவு சொன்னார்கள். யாழ்ப்பாணத்து மீனவனும் நுவரெலியாத் தேயிலைத் தொழிலாளியும் போடத் தெரிந்த வரிசை நம் கம்மாபுரத்து விவசாயிக்குத் தெரியாதா?

தெரியாது என்றுதான் ஒரு காலத்தில் சொன்னார்கள். அரசியல் நிர்ணய சபையிலே விகிதாசார முறை வேண்டுமென்று காஜி சையத் கரிமுத்தீன் என்பவர் கேட்டார். 1949 ஜனவரியிலே அதற்குப் பதில் சொன்ன டாக்டர் அம்பேத்கர் அவர்கள், அம்முறைக்கு எழுத்தறிவு வேண்டும், நம் ஜனங்களிடம் அது இல்லை என்றும், சபை துண்டு துண்டாகி சர்க்கார் நிலைக்காது என்றும் கூறி மறுத்தார். அன்றைக்கு அது நியாயமான பதில். 1951 கணக்குப்படி இந்தியாவிலே எழுத்தறிந்தவர் நூற்றுக்கு 18 பேர்தான். ஆனால் 2011-ல் தமிழ்நாட்டிலே நூற்றுக்கு 80 பேர் எழுத்தறிந்தவர்கள். காரணம் போய்விட்டது, காரியம் மட்டும் நிற்கிறது. அம்பேத்கர் சொன்னார் என்பதற்காகவே அதைக் கட்டிக்கொண்டிருப்பது அம்பேத்கருக்குச் செய்கிற மரியாதை ஆகாது. எதையும் யோசித்து ஏற்றுக்கொள் என்று சொன்ன ஒருவரை இன்னொரு மநுவாக ஆக்குகிற வேலை அது.

இதிலே பெரிய வேடிக்கை என்னவென்றால், அந்த வரிசை போடுகிற முறை இந்தியாவிலே இல்லாமலில்லை. ராஜ்யசபைக்கு ஆள் அனுப்ப எம்.எல்.ஏ.க்கள் ஓட்டுப் போடும்போது ஒன்று, இரண்டு, மூன்று என்று விருப்ப வரிசைதான் எழுதுகிறார்கள். குடியரசுத் தலைவர் தேர்தலிலும் அப்படியே. அங்கே இன்னும் நுணுக்கமாக, ஒவ்வொரு எம்.எல்.ஏ.யின் ஓட்டுக்கும் ஜனத்தொகையைப் பார்த்து எடை போட்டு, தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.யின் ஓட்டுக்கு மதிப்பு 176, சிக்கிம் எம்.எல்.ஏ.க்கு 7 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். தங்களுக்குள் ஓட்டுப் போட்டுக்கொள்ளும்போது பொன் நிறுக்கிற தராசு. நமக்கு ஓட்டுப் போடும்போது விறகு நிறுக்கிற தராசு! எம்.எல்.ஏ.வுக்கு ஒன்று, இரண்டு, மூன்று தெரியும், அவரை எம்.எல்.ஏ. ஆக்கினவனுக்குத் தெரியாது என்றால் இதைவிட அவமானம் வேறு உண்டா?

சிலர், "எழுபது வருஷமாக நடந்துவருகிற முறை, இதை எதற்கு மாற்ற வேண்டும்?" என்பார்கள். எதை மாற்றவில்லை? முதல் பொதுத்தேர்தலிலே அபேட்சகருக்கு ஒரு பெட்டி வைத்தார்கள். பிறகு எல்லாருக்கும் ஒரே சீட்டு, முத்திரை குத்தச் சொன்னார்கள். 2001-ல் தமிழ்நாடு முழுவதும் இயந்திரம் வந்தது. பிறகு அச்சடித்துக் காட்டுகிற பெட்டியும் வந்தது. ஓட்டர் வயதை 21-லிருந்து 18-ஆக 1989-ல் இறக்கினார்கள். 2013-ல் "ஒருவரும் வேண்டாம்" என்று அமுக்க நோட்டாப் பொத்தான் ஒன்றும் கொடுத்தார்கள். எத்தனை பேர் அமுக்கினாலும் சட்டசபைத் தேர்தல் முடிவை அது அசைக்காது. குழந்தைக்குக் கொடுத்த கிலுகிலுப்பை. எண்ணுகிற முறையை மட்டும் தொடவில்லை. அந்தப் பொம்மை வார்க்கிற பெரியவரையே கேட்டுப் பார்க்கட்டும். பிளாஸ்டர் அச்சிலே களிமண் கூழை ஊற்றி ஊற்றி எடுத்தால், கொஞ்ச காலத்திலே அச்சு தேய்ந்து தண்ணீர் உறிஞ்சுகிற சக்தி குறைந்து, பொம்மையின் மூக்கும் முழியும் மழுங்கிப்போகும். உடனே அதைத் தூக்கிக் குப்பையிலே போட்டுவிட்டுப் புது அச்சு எடுப்பார்கள். தாத்தா காலத்து அச்சு என்று அதற்குப் பூமாலை போடுகிற பட்டறையை நான் கண்டதில்லை. நமக்கு இந்த அச்சைக் கொடுத்த இங்கிலாந்திலேயே, 2024-ல் நூற்றுக்கு 34 ஓட்டுக்கூட வாங்காத தொழிற்கட்சி 650-ல் 411 ஸ்தானம் எடுத்துக்கொண்டது.

நான் சொல்கிறதிலே குறை இல்லையென்று சாதிக்கவில்லை. விகிதாசார முறையிலே கட்சி கொடுக்கிற ஜாபிதாவிலிருந்து ஆளை எடுப்பதானால், அந்த ஜாபிதா தலைவருடைய சட்டைப் பையில் இருக்கும். முதல் பெயர் மகன், இரண்டாவது மருமகன் என்று எழுதுவார். இது உண்மையான ஆபத்து. அதற்குத்தான் இலங்கையைப்போல ஜாபிதாவுக்குள்ளேயே ஆளைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டும் நம்மிடமே இருக்க வேண்டும். சில்லறைச் சாதிக் கட்சிகள் பெருகிவிடும் என்பார்கள். பெருகலாம். ஆனால் இன்றைக்கு ஒவ்வொரு பெரிய கட்சிக்குள்ளும் சாதி உட்கார்ந்திருக்கிறதே, அதற்கு என்ன பெயர்? ஜெர்மனியிலே நூற்றுக்கு அய்ந்துக்குக் குறைந்தால் ஜாபிதாவிலே ஸ்தானமில்லை என்று பொதுவாக ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள், நாமும் வைக்கலாம். சர்க்கார் நிலைக்காது என்கிறவர்கள், இப்போதும் கூட்டணி இல்லாமல் எத்தனை சர்க்கார் வந்தது என்று சொல்லட்டும். தேர்தலுக்குப் பின்னால் சபையிலே பகிரங்கமாக நடக்க வேண்டிய பேரம், இப்போது தேர்தலுக்கு முன்னால் ஓட்டல் அறையிலே கதவை மூடிக்கொண்டு நடக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம். நம் தொகுதிக்கென்று ஒரு மெம்பர் வேண்டுமென்பது நியாயமான ஆசை. அதனாலேதான் 1999-ல் சட்டக் கமிஷன், உள்ள தொகுதிகளை அப்படியே வைத்துக்கொண்டு, மக்களவைக்கு இன்னும் நாலில் ஒரு பங்கு ஸ்தானத்தைச் சேர்த்து அவற்றை விகிதாசாரப்படி கொடுக்கலாம் என்று யோசனை சொன்னது. அதற்கு ஒரு சர்க்காரும் காது கொடுக்கவில்லை.

சரி, எழுத்தறியாதவர்கள் திணறுவார்களா மாட்டார்களா என்பதை வாயால் பேசுவானேன், செய்தே பார்ப்போம் என்று போன மாதம் எங்கள் படிப்பகத்திலே ஒரு பரீட்சை நடத்தினோம். வசூலான பணத்திலே மின்விசிறி வாங்குவதா, நாற்காலி வாங்குவதா, புத்தக அலமாரி வாங்குவதா என்று தகராறு. வந்திருந்தவர் 21 பேர். மூன்று டப்பாவுக்கு மேலே மூன்று படம் ஒட்டி வைத்து, ஆளுக்கு ஆறு புளியங்கொட்டையும் மூன்று பொட்டலத் தாளும் கொடுத்தோம். மிகவும் பிடித்ததற்கு ஒரு கொட்டை, அடுத்ததற்கு இரண்டு, கடைசிக்கு மூன்று. ஒரே ஆளுடைய பொட்டலம் மூன்றிலும் ஒரே அடையாளம். தெருக் கூட்டுகிற ஒரு ஆயா, கையெழுத்துப் போடத் தெரியாதவர், எனக்கு முன்னால் போட்டு முடித்துவிட்டு, "அவ்ளோதானாடா?" என்று கேட்டார். முதல் விருப்பத்திலே மின்விசிறிக்கு 9, நாற்காலிக்கு 7, அலமாரிக்கு 5. பழைய முறையானால் அங்கேயே மின்விசிறி ஜெயித்தது. கடைசியாக வந்த அலமாரியை எடுத்துவிட்டு அந்த அய்ந்து பேருடைய இரண்டாவது பொட்டலத்தைப் பிரித்தோம். நாலு பேர் நாற்காலி, ஒருவர் மின்விசிறி. ஆக நாற்காலி 11, மின்விசிறி 10. இருபது நிமிஷத்திலே காரியம் முடிந்தது.

நாற்காலிகள் வந்துவிட்டன. மின்விசிறிக்காரர்கள் புழுங்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஏமாற்றிவிட்டீர்கள் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. பொம்மை வார்க்கிற பெரியவர் மின்விசிறிக் கட்சி. "அடுத்த மாசம் வசூல் எப்ப தம்பி?" என்று நேற்றுக் கேட்டார்.